கூடுதல் மதிப்பெண்

சமூக அறிவியலுக்கு அந்தப் பள்ளியில் இருந்த மரியாதையைச் சொல்லி மாளாது. கணக்கு ஆசிரியருக்குப் பாடம் முடியவில்லையா, சமூக அறிவியல் வகுப்பை வாங்கிக்கொள்வார். கண் பரிசோதனைக்கு ஆள் வந்திருக்கிறார்களா, சமூக அறிவியல் நேரத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்து. விளையாட்டு ஆசிரியர் வராத நாளில், "நீங்க சும்மாதானே இருக்கீங்க, அந்த கிளாஸையும் பாத்துக்கோங்க" என்பார் தலைமை ஆசிரியர். கையில் சாக்பீஸோடு நிற்பவளைப் பார்த்துச் சும்மா இருக்கிறாய் என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். அது அவரிடம் தாராளமாக இருந்தது.

டீச்சர் பதில் பேச மாட்டாள். தற்காலிக வேலை. ஆண்டுக்கு ஆண்டு நீட்டித்துக் கையெழுத்துப் போட வேண்டும், போடும் பேனா தலைமை ஆசிரியரின் சட்டைப் பையில் இருந்தது. கணவன் விபத்தில் போன பிறகு ஒரு பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தவள் அவள். அக்கா, ஆஸ்பத்திரிக்காரர்களின் வெள்ளைக் கோட்டுகளை வீட்டிலேயே இஸ்திரி போட்டுக் கொடுப்பவள். அக்கா புருஷன் ஜன்னல் கம்பி, கேட் எல்லாம் பற்றவைக்கும் வெல்டர். கால்வாய்க்கரையில் ஒட்டி ஒட்டி நின்ற வீடுகளில் ஒன்று அவர்களுடையது. வாசலை ஒட்டி உள்ளே ஒரு பெரிய தண்ணீர் டிரம், அதற்கு எதிரே அடுப்பு, அப்புறம் இஸ்திரி மேசை, அதற்குப் பின்னால் ஒரே அறை. மேசைக்கு அடியில் டீச்சரின் படுக்கை சுருட்டிக் கிடக்கும். அறையின் பின்ஜன்னலைத் திறந்தால் கால்வாய். ஆகையால் யாரும் திறப்பதில்லை.

அக்காவுக்கு ஒரே மகள். ஏழாம் வகுப்பு, டீச்சரின் வகுப்பிலேயே. அவளுக்கு வகுப்பு வைத்த பேர் மில்லிமீட்டர். சுருக்கி மில்லி. எதையும் அளக்காமல் விடமாட்டாள். கோழி இட்ட முட்டை ரெண்டில் எது பெரிது என்று நூல் சுற்றிப் பார்ப்பாள். பக்கத்தில் உட்காருகிறவள் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்துவிட்டால் ஸ்கேலை எடுத்துவிடுவாள். தெருவில்கூட பேர் அதுதான். பெற்றவர்கள் மட்டும் குட்டி என்பார்கள், டீச்சரும் வீட்டில் அப்படித்தான்.

வகுப்பறைக்கு வெள்ளையடித்தார்கள் என்பதால்தான் எல்லாம் ஆரம்பித்தது. மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளை வராண்டாவுக்கு ஓட்டிப் போய்விட, ஏழாம் வகுப்புக்கு இடமில்லை. வரைபடப் பாடம் நடந்துகொண்டிருந்தது. புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்கக் குறியீடுகள்: பாலத்துக்கு ஒன்று, கிணற்றுக்கு ஒன்று, எல்லைக்கல்லுக்கு ஒரு சின்ன முக்கோணம். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பார்கள். பாலத்தின் மேல் நடந்து பள்ளிக்கு வருகிற பிள்ளைக்கு, தான் நடந்து வந்தது புத்தகத்தில் இருக்கிற பாலம் என்று தோன்றாது. டீச்சருக்கு அது பொறுக்கவில்லை. துணி உலர்த்தும் நைலான் கயிறு ஒன்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு, வகுப்பைத் தெருவுக்கு அழைத்துப் போனாள்.

"புத்தகத்துல இருக்கற குறியீட்டை நெசத்துல கண்டுபிடிச்சு யாரு வரையறீங்களோ, ஒவ்வொண்ணுக்கும் ஒரு மார்க்கு கூடுதலா போடுவேன்" என்றாள்.

மார்க்கு என்று சொன்னால் பிள்ளைகளுக்கு இறக்கை முளைக்காதா? பள்ளி விட்ட பிறகும் கயிற்றைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். கரையில் பெரியவர்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரம். கடைகளில் இருந்தவர்களும் பிள்ளைகள் விளையாட்டு என்று கவனிக்கவில்லை. வீடு வீடாகப் புகுந்தார்கள். மில்லிதான் தலைவி. சில நாள் டீச்சரே கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தையல்காரர் கடைக்குப் படியாகக் கிடந்த கல்லைக் கண்டுபிடித்தார்கள். டீக்கடைப் பெஞ்சின் ஒரு காலுக்கு முட்டுக்கொடுத்திருந்த கல்லைக் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கூட்டல் குறி வெட்டியிருந்தது. அக்கா துணி கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த ஒரு நாள், "சித்தி, நம்ம வீட்டுலயே ஒண்ணு இருக்கு! டிரம்மு கழுவுறப்ப நான் பாத்திருக்கேன்!" என்று மில்லி குதித்த குதியில் இஸ்திரி மேசை ஆடியது. டீச்சரும் கூடச் சேர்ந்து சிரித்தாள். புத்தகம் தெருவுக்கு வந்துவிட்டது என்று அவளுக்கு அவ்வளவு பெருமை.

வரைபடம் பெரிய தாளில் உருவானது. மில்லி கல்லுக்குக் கல் தூரம் எழுதினாள், வடக்கு பார்த்து அம்பு போட்டாள், கால்வாய்க்கு நீலம் அடித்தாள். பள்ளிகளுக்கான கண்காட்சியில் அதற்கு முதல் பரிசு. சமூக அறிவியலுக்கு ஒரு பரிசு வரும் என்று கனவிலும் நினைக்காத தலைமை ஆசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் "நம்ம ஐடியாதான்" என்றார்.

கண்காட்சிக்குச் சிறப்பு விருந்தினராக வந்தவர் கால்வாய் இலாகாவின் பொறியாளர். மற்ற படங்களின் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்துபோனவர், இதன் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டார். பிறகு போனை எடுத்துப் படம் பிடித்தார்.

"இந்த முக்கோணம் என்னம்மா?"

"எல்லைக்கல் சார்."

"நீயா வெச்சதா, இல்ல நெசமாவே பாத்தியா?"

"தொட்டே பாத்தேன் சார். மேல கூட்டல் குறி வெட்டியிருக்கு."

அவர் மில்லியின் தலையைத் தடவிக் கொடுத்தார். பக்கத்தில் நின்ற டீச்சருக்குக் கண் கலங்கியது. அன்றைக்கு அவளைவிடச் சந்தோஷமான பைத்தியக்காரி யாரும் இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் மில்லி மூச்சுவிடாமல் கதை சொன்னாள். அக்கா ஒரு கோட்டின் காலரை மடித்து இஸ்திரிப் பெட்டியை அழுத்திக்கொண்டிருந்தாள். நனைத்த துணியிலிருந்து ஆவி எழும்பி அவள் முகத்தை மறைத்தது. மாமா வாசலில் உட்கார்ந்து, பற்றவைத்துச் சிவந்த கண்களைத் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தார். 'எல்லைக்கல்' என்ற வார்த்தை விழுந்ததும் அவர் கை அப்படியே நின்றது.

"யாரு கேட்டாங்கன்னு சொன்ன?"

"கால்வாய் இன்ஜினியர்ப்பா. என் தலையைத் தொட்டு..."

"சரி. கடைக்குப் போய் ரொட்டி வாங்கிட்டு வா. ஓடாத, மெதுவா போ."

அவள் போனதும் மாமா எழுந்து கதவைச் சாத்தினார். வெயில் காலத்தில் அந்தக் கதவு சாத்தி டீச்சர் பார்த்ததில்லை.

"என்ன காரியம் பண்ணி வெச்சிருக்க நீ?" என்றார். சத்தம்கூடப் போடவில்லை.

"என்ன மாமா?"

"கேஸு இருக்குன்னு தெரியுமா தெரியாதா உனக்கு?"

"அது எப்பவோ... தூங்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"ஏன் தூங்குது? அதைக் கேட்டியா? எங்களை எல்லாம் காலி பண்ணணும்னு இலாகாக்காரன் கோர்ட்டுக்குப் போனான். கால்வாயோட எல்லை எதுன்னு காட்டுங்கன்னு எங்க வக்கீல் கேட்டாரு. கல்லைக் காட்டு, அளந்து தீர்ப்பு சொல்றேன்னுட்டாரு ஜட்ஜு. அவனும் வந்து வந்து தேடினான். ஒரு கல்லு கெடைக்கல. எப்படிக் கெடைக்கும்? ஒண்ணு மேல தையக்காரன் செருப்பைக் கழட்டிப் போடறான். ஒண்ணு மேல நம்ம டிரம்மு நிக்குது."

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "என்கிட்டக்கூட அந்தக் கல்லைப் பத்திப் பேசமாட்டாரு. பேசினா வாயில வந்துடும்னு பயம். இந்தத் தெருவுல யாருமே பேசமாட்டாங்க."

"புள்ளைங்ககிட்டயும் சொல்லலையாக்கா?"

"புள்ளைங்ககிட்ட யாராவது சொல்வாங்களா? வெளிய உளறிடாதா?"

சொல்லாததால், மறைக்க வேண்டியது என்பதே பிள்ளைகளுக்குத் தெரியாமல் போயிற்று. டீச்சர் மாமா பக்கம் திரும்பினாள். "ஒரு வார்த்தை என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே மாமா."

"உன்கிட்ட என்னன்னு சொல்றது? இந்த டிரம்முலதானே தினமும் மொண்டு குளிக்கிற. பெரிய படிப்பு படிச்சிருக்க, புத்தகத்துல இருக்கறதை எல்லாம் தெருவுல தேடறவ, தெருவுல இருக்கறதைப் பத்தி ஒரு நாளாவது யோசிச்சியா?"

"விடுங்க. அவளும் தெரிஞ்சா பண்ணினா?" என்றாள் அக்கா. பிறகு மெல்ல, "கல்லைப் பேத்து எடுத்துட்டா என்ன?"

"எல்லைக்கல்லைத் தொட்டா ஜெயிலு. அதுவும் போகட்டும்னு எடுத்தாலும் பிரயோஜனம் இல்ல. கல்லுக்குக் கல்லு எவ்வளவு தூரம்னு உன் மக எழுதி வெச்சிருக்கா. ஒண்ணு போனா மிச்சத்தை வெச்சு இதைக் கண்டுபிடிச்சுடுவான். அப்படித்தானே?" என்று டீச்சரைக் கேட்டார்.

அப்படித்தான். அதையும் அவள்தான் கரும்பலகையில் போட்டுச் சொல்லிக் கொடுத்திருந்தாள். இரண்டு புள்ளி தெரிந்தால் மூன்றாவதைக் கண்டுபிடிக்கலாம் என்று.

 பிறகு மாமாதான் ஒரு வழி சொன்னார். "அது சின்னப்புள்ளைங்க வரைஞ்ச படம். இன்னும் எந்த அதிகாரியும் கல்லைக் கண்ணால பாக்கல. அவங்க விசாரிக்க ஸ்கூலுக்குத்தான் வருவாங்க. இது கற்பனை, தப்பா வரைஞ்சதுன்னு பாடம் நடத்தின டீச்சரே சொல்லிட்டா, அதை வெச்சுக்கிட்டு வீடு வீடா பூந்து தேட முடியாது. வக்கீலும் அதைப் பிடிச்சுப்பாரு."

"சொல்றேன் மாமா. கட்டாயம் சொல்றேன். குட்டிகிட்டயும் சொல்லி வெச்சுடலாம். அவளைக் கேட்டாலும் அப்படியே சொல்லட்டும்."

"அவகிட்ட மூச்சு விடக்கூடாது" என்றாள் அக்கா.

"அக்கா, அவ புரிஞ்சுக்குவா."

"என்னத்தைப் புரிஞ்சுக்குவா? தன்னால தெருவே போகப்போகுதுன்னு புரிஞ்சுக்குவா. அப்புறம் அந்தப் புள்ள சோறு திங்குமா, தூங்குமா? வேண்டாம். நீயே சொல்லி முடிச்சுடு."

"அவகிட்ட சொல்லாம இருந்தா..."

"உனக்குப் பாடம் நடத்தத் தெரியும். எம்புள்ளைய எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிள்ளையில்லாத தங்கையிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது, அவளுக்கே சுட்டிருக்க வேண்டும். சூடு ஆறிப்போன பெட்டியை எடுத்து, ஏற்கெனவே மடித்து வைத்த கோட்டை மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். டீச்சர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்க வேண்டும். அந்த வீட்டில் ஒண்டியிருப்பவளுக்கு அவ்வளவு குரல் இல்லை.

அதன் பிறகு மழை பிடித்துக்கொண்டது. கால்வாய் உப்பி, பிளாஸ்டிக் பைகளைக் கரைமேல் தள்ளியது. இஸ்திரி போட்ட துணியில் ஈரம் ஏறிவிடுகிறது என்று ஆஸ்பத்திரியில் இரண்டு மூட்டையைத் திருப்பி அனுப்பினார்கள். டீச்சர் வகுப்பில் அடிப்படை உரிமைகள் பாடம் எடுத்தாள். பள்ளியின் கேட் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் வாக்கியம் நடுவில் அறுந்தது. "டீச்சர், சொல்லி முடிக்கவே இல்ல" என்று பிள்ளைகள் நினைவுபடுத்தினார்கள். மில்லி முன்பெஞ்சில் உட்கார்ந்து, சித்திக்கு உடம்பு சரியில்லையோ என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு பகல் வேளையில் சர்வேயர் வந்தார். சளி பிடித்த நடுத்தர வயது மனிதர். கூடவே டேப்பும் பெயின்ட் டப்பாவும் தூக்கிய உதவியாள். டீச்சரைத் தலைமை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்தப் படம் மாட்டியிருந்தது. சர்வேயர் அதன் கீழே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"இதை நீங்கதான் வரைய வெச்சீங்களாம்மா?"

"ஆமா சார். ஆனா அது தப்பு. பாலம், தெரு எல்லாம் சரி. அந்த முக்கோணம் எல்லாம் பசங்களே இஷ்டத்துக்கு வெச்சது. கல்லு எதுவும் கெடையாது."

பொய் சொல்வது இவ்வளவு சுலபமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. சர்வேயர் அவளை நிமிர்ந்து பார்த்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று டீச்சருக்கும் புரிந்தது.

"எனக்கு இதுல ஒரு சந்தோஷமும் இல்லம்மா. மேல இருந்து விசாரின்னு சொன்னாங்க, வந்தேன். படம் தப்புன்னு ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. அதைக் கேஸ் கட்டுல வெச்சுட்டு நான் பாட்டுக்குப் போயிடறேன்."

அவர் தாளையும் பேனாவையும் நீட்டினார். டீச்சர் கையை நீட்டி வாங்கியும்விட்டாள். அந்த நேரம்வரை வீடு பிழைத்திருந்தது.

"ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்று தலைமை ஆசிரியர் எழுந்தார். "எதை எழுதிக் குடுக்கறீங்க? தப்பான படத்துக்கு முதல் பரிசு வாங்கினோம்னா? பேப்பர்ல எல்லாம் வந்திருக்கு டீச்சர்! நாளைக்கு எவனாவது பரிசைத் திருப்பிக் குடுன்னு கேட்டா என் மூஞ்சியை எங்க வெச்சுக்கறது?"

"சார், பசங்கதானே, தெரியாம..."

"என் ஸ்கூல் பசங்க அப்படிப் பண்ணமாட்டாங்க. அந்தப் பொண்ணையே கேட்டுடுவோம்."

"வேண்டாம் சார். அவளை எதுக்கு?" என்றாள் டீச்சர். அதற்குள் மணியடிக்கிற ஆள் மில்லியைக் கூப்பிடப் போய்விட்டான்.

மில்லி வந்தாள். பரிசைப் பற்றி ஏதோ நல்ல சேதி என்று நினைத்து, வழியிலேயே தலையைக் கையால் படிய வாரிக்கொண்டு வந்திருந்தாள். தலைமை ஆசிரியர் வாயைத் திறக்கும் முன் டீச்சர் முந்திக்கொண்டாள்.

"இங்க பாரு. இந்த முக்கோணம் எல்லாம் நீ சும்மா வெச்சதுதானே? கல்லை நீ பாக்கவே இல்ல. இருக்கும்னு நெனச்சு வெச்சுட்ட. அப்படித்தானே?"

கண்ணால் கெஞ்சினாள். ஆமாம் என்று சொல், ஒரு தலையாட்டல் போதும் என்று அவள் முகம் முழுக்கக் கெஞ்சியது. அந்தப் பாஷையை மில்லிக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையே.

"இல்ல டீச்சர்! எல்லாமே பாத்துதான் வெச்சேன். நீங்ககூட கயிறு பிடிச்சீங்களே?"

"நான் பிடிச்சது பாலத்துக்கு. இது நீயா வெச்சது." டீச்சர் சர்வேயர் பக்கம் திரும்பினாள். "கூடுதல் மார்க்குக்காகப் பொய்யா வெச்சுட்டா சார். எல்லாப் பசங்களும் பண்றதுதான். நான் சரியா பாக்காம விட்டுட்டேன்."

 மில்லியின் முகத்தில் ரத்தமே இல்லை. உலகத்திலேயே தன்னைப் பொய் சொல்லமாட்டாள் என்று அறிந்த ஒருத்தி இப்படிச் சொல்வதை எங்கே கொண்டு வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. உதடு துடித்தது. ஆனால் அழவில்லை.

"நான் பொய் சொல்லல சார். வாங்க, காட்டறேன். எங்க வீட்டுலயே ஒண்ணு இருக்கு."

யார் பதிலுக்கும் காத்திருக்காமல் அவள் மழையில் இறங்கி நடந்தாள். தலைமை ஆசிரியர் குடையை எடுத்துக்கொண்டு, "பாத்தீங்களா, பாத்தீங்களா?" என்று பின்னால் போனார். சர்வேயர் டீச்சரை ஒரு முறை பார்த்துவிட்டு எழுந்தார். அவர் வராமல் இருக்க வழியில்லை.

டீச்சர் ஓடிப்போய் மில்லியின் கையைப் பிடித்தாள். "குட்டி, நில்லு. சித்தி சொல்றதைக் கொஞ்சம் கேளு."

"விடுங்க."

"அப்படி இல்லடா, ஒரு விஷயம்..." அதற்குள் தலைமை ஆசிரியரின் குடை அவர்கள் தலைக்கு மேல் வந்துவிட்டது.

மில்லி கையை உதறிக்கொண்டாள். "அத்தனை பேர் முன்னால பொய்க்காரின்னு சொன்னீங்க. எங்கம்மாகிட்ட கேளுங்க. எங்கம்மா சொல்லட்டும்."

வீட்டில் அக்கா கோட்டுகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் நனைந்த மகள், அவள் பின்னால் குடை, அதற்குப் பின்னால் பெயின்ட் டப்பா. கடைசியாகத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தங்கை. அக்காவுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அம்மா, டிரம்முக்கு அடியில கல்லு இருக்குல்ல? இருக்குன்னு சொல்லும்மா. டீச்சர் நான் பொய் சொல்றேங்கறாங்க."

அக்கா இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். முதலில் தங்கையைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்ட, இரண்டு கையையும் இறுக மூடிக்கொண்டு நின்றாள் அந்தப் பிள்ளை. இல்லை என்று ஒரு சொல் போதும், வீடு நிற்கும். அக்கா வாயைத் திறந்தாள்.  அந்தச் சொல்லை மகளின் முகத்துக்கு நேராகச் சொல்ல அக்காவால் முடியவில்லை.

"இருக்கு" என்றாள். "எம்பொண்ணு பொய் சொல்லமாட்டா சார்."

மில்லி அப்போதுதான் அழுதாள்.

உதவியாள் டிரம்மைச் சாய்க்கப் போனான். "சாய்க்காதீங்க. குழாய்ல தண்ணி நாளைக்குத்தான் வரும்" என்று அக்கா தடுத்தாள். சொம்பை எடுத்து அவளே மொண்டு ஊற்ற ஆரம்பித்தாள். வாளி நிறைந்தது. சோற்றுப் பானை, கஞ்சி கலக்கும் பேசின், குழம்புச் சட்டி, மில்லியின் தண்ணீர் பாட்டில் எல்லாம் நிறைந்தன. மில்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு பாத்திரம் பாத்திரமாக எடுத்துக் கொடுத்தாள். வாசலில் மூன்று ஆண்கள் மழைக்கு ஒதுங்கி நின்று, ஒரு பெண் தன் வீட்டைத் தானே சொம்பு சொம்பாக இறைத்து எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைமை ஆசிரியர் மட்டும் நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பார்த்தார்.

டிரம் நகர்ந்தது. பாசி பிடித்த சின்னக் கல். சர்வேயர் குந்தி உட்கார்ந்து கட்டைவிரலால் பாசியை வழித்தார். கூட்டல் குறி தெரிந்தது.

"பாத்தீங்களா டீச்சர்?" என்றாள் மில்லி.

"பாத்தேன்" என்றாள் டீச்சர்.

"நான் சொல்லல? சபாஷ்!" என்று தலைமை ஆசிரியர் மில்லியின் முதுகில் தட்டினார். பரிசு தப்பித்த நிம்மதியில் குடையை விரித்துக்கொண்டு புறப்பட்டுப் போனார். தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவருக்குத் தெரியவே இல்லை என்பதுதான் டீச்சருக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

உதவியாள் டேப்பின் நுனியைக் கல்லின் மேல் வைத்து, "கொஞ்சம் பிடிச்சுக்கம்மா" என்று மில்லியிடம் கொடுத்தான். மறுமுனையை இழுத்துக்கொண்டு தையல்காரர் கடைப்படிக்குப் போனான். டேப் வாசலை உரசிக்கொண்டு, தெருவோரமாக, வீடுகளின் முன்சுவர்களைத் தொட்டுத் தொட்டுப் போயிற்று. படத்தில் எழுதியிருந்த தூரம் பிசகவில்லை. சர்வேயர் வாசற்படியில் சிவப்பு பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்தார். மழையில் அது கொஞ்சம் கரைந்து ஓடியது.

மில்லி டேப்பின் போக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அளக்கிறபோது கல்லையும் கல்லையும் மட்டும்தான் பார்த்திருந்தாள். இரண்டையும் சேர்த்துக் கோடு இழுத்தால் அது எதற்கான கோடு என்று நினைத்ததில்லை.

"சார், கால்வாயோட எடம் இந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம்?"

சர்வேயர் டேப்பைச் சுருட்டினார். "உள்பக்கம்மா."

"உள்பக்கம்னா எங்க வீடுல்ல இருக்கு?"

அவர் பெயின்ட் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார். "டீச்சரைக் கேளு" என்று முணுமுணுத்துவிட்டு, அக்காவைப் பார்க்காமல் படியிறங்கி அடுத்த கல்லுக்குப் போனார்.

மில்லி திரும்பினாள். அக்கா தலையை அசைத்துச் சொல்லாதே என்றாள். டீச்சர் சொன்னாள். அன்று காலையிலாவது சொல்லியிருக்க வேண்டியது அது.

"ஆமா. வீடு முழுக்கக் கோட்டுக்கு உள்ளதான் இருக்கு. இந்த வரிசை முழுக்க."

"இடிச்சுடுவாங்களா?"

"இடிச்சுடுவாங்க."

"அதனாலதான் நீங்க தப்புன்னு சொன்னீங்களா?"

டீச்சர் தலையை மட்டும் அசைத்தாள். மில்லி அவளிடம் கோபப்படவில்லை. அம்மாவையும் பார்க்கவில்லை. வாசற்படியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய், சுவரோரம் சாய்த்து வைத்திருந்த காலி டிரம்மைக் கட்டிப்பிடித்து இழுத்தாள். அது தரையில் உராய்ந்து கத்தியது. உருட்டி, நிமிர்த்தி, கல்லின் மேல் சரியாக நிற்கிறதா என்று குனிந்து பார்த்து வைத்தாள். சோற்றுப் பானையைத் தூக்கி அதில் கவிழ்த்தாள். வாளியைத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"குட்டி, விடும்மா. அவங்க பாத்துட்டுப் போயிட்டாங்க" என்றாள் அக்கா.

"சித்தி, அந்தப் பக்கம் ஒரு கை பிடி" என்றாள் மில்லி. அவளுக்கு மூச்சிரைத்தது. "எல்லாத்தையும் ஊத்திடலாம். நிறைஞ்சா கனமாயிடும். அப்புறம் யாராலயும் நகர்த்த முடியாது."

வெளியே தையல்காரர் கடை வாசலில் சத்தம் ஆரம்பித்திருந்தது. யாரோ ஒரு பெண் ஓலமிட்டு அழுதாள். டீச்சர் வந்து குனிந்து, வாளியின் மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கினாள்.